செத்துப்போன மதர்போர்டும் அழியாத விண்டோஸும்

மதர்போர்டு மாற்றுவது பற்றி எங்கே படித்தாலும் ஆரம்பம் ஒன்றுதான். பழைய போர்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே வட்டில் உள்ளதைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரை அணைத்துவிடு, விண்டோஸ் உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவிடு, பழைய டிரைவர்களை நீக்கிவிடு என்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் பெரும்பாலும் போர்டு செத்த பிறகுதானே அதை மாற்றுகிறோம்! என் கதையும் அதுதான். ஒரு பட்டனைக்கூட அழுத்திவைக்க அவகாசம் தராமல் போர்டு போய்விட்டது. விண்டோஸ் இருந்த வட்டு, அதாவது எஸ்எஸ்டி, மட்டும் நலமாக இருந்தது. அதில் பல வருடங்களாகச் சேர்ந்த நிரல்கள், அமைப்புகள், பிரிண்டர், ஸ்கேனர் எல்லாம். மறுபடி நிறுவினால் விண்டோஸ் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், மற்றதெல்லாம் யார் செய்வது? அதனால் அந்த வட்டை அப்படியே புதிய போர்டில் எழுப்ப இறங்கினேன். எழுந்துவிட்டது. வழியில் எங்கெல்லாம் முட்டியது என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் போர்டுதான் போயிருக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் கனெக்டரைக் கழற்றி, பச்சை வயரையும் ஏதாவது ஒரு கறுப்பு வயரையும் வளைத்த பேப்பர் கிளிப்பால் இணைத்தேன். மின்விசிறி சுற்றியது. மல்டிமீட்டரில் மஞ்சள் வயர் 12.1 வோல்ட், சிவப்பு 5 வோல்ட். 12 வோல்ட் லைன் 11.4 முதல் 12.6 வரை இருந்தால் சரி. ஆக எஸ்எம்பிஎஸ் தப்பியது. மெமரியை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டும், போர்டின் அமைப்புகளைக் காக்கும் சிமாஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டியும் பார்த்தேன், திரையில் ஒன்றும் வரவில்லை. பிராசஸருக்குப் பக்கத்திலிருந்த இரண்டு கெபாசிட்டர்களின் தலை லேசாக மேடிட்டிருந்தது. அதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை.

அடுத்த வேலை ஸ்க்ரூ டிரைவர் இல்லை, நகல். எஸ்எஸ்டியை யுஎஸ்பி-சாட்டா கேபிளில் வேறொரு கணினியில் மாட்டி, லினக்ஸில் ஓடும் க்ளோன்ஸில்லா என்ற நகல் நிரல் கொண்டு முழு வட்டையும் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் இமேஜாக எடுத்துவைத்தேன். பின்னால், வட்டு எப்படிப் பிரிந்திருக்கிறது என்று சொல்லும் பகிர்வு அட்டவணையிலேயே கைவைக்க வேண்டியிருந்தது. இந்த நகல் இல்லாமல் அந்தத் தைரியம் வந்திருக்காது. இதோடு இன்னொரு கேள்விக்கும் விடை கிடைத்தது. வேறு கணினியில் மாட்டியதும் கோப்புகள் திறந்தன, அதாவது பிட்லாக்கர் இல்லை. இருந்திருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். வழக்கமான சாவி பழைய போர்டில் சாவிகளைக் காக்கும் பகுதியான டிபிஎம்மில் பூட்டியிருக்கும், போர்டோடு அதுவும் போயிருக்கும். மீட்புச் சாவி கையில் இல்லையென்றால் இதற்குக் கீழே படித்துப் பயனில்லை.

நகல் எடுக்கும்போதே லினக்ஸ் ஒரு எச்சரிக்கையும் காட்டியது: இந்த வட்டில் விண்டோஸ் உறங்குநிலையில் இருக்கிறது, எழுத அனுமதிக்க மாட்டேன் என்று. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் செய்த வேலை. ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் தன் கர்னலை ஒரு கோப்பில் எழுதிவைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறது. பழைய போர்டின் நினைவோடு எழுதிய அந்தக் கோப்பு புதிய போர்டில் தேவையில்லை. அப்புறம் அதை அழித்தேன், கீழே வருகிறது.

எந்த போர்டு வாங்குவது? பழையது எச்170 சிப்செட், ஆறாம் தலைமுறை இன்டெல் பிராசஸர், டிடிஆர்4 மெமரி 8 ஜிபி இரண்டு. பிராசஸர் உட்காரும் அதே சாக்கெட்டில் பழைய போர்டு ஒன்றைத் தேடினால் வட்டு மறுபேச்சில்லாமல் பூட் ஆகியிருக்கும். ஆனால் யாரோ கழற்றிய பழைய போர்டில் காசைப் போட மனம் வரவில்லை. அதோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போக வேண்டுமென்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், ஆறாவது ஆகாது. அதனால் பி660 சிப்செட்டில் டிடிஆர்4 வகை போர்டும், ஐ3-12100 பிராசஸரும். பி660இல் டிடிஆர்5 வகையும் உண்டு, இரண்டும் ஏறக்குறைய ஒரே பெயரில் விற்கும். பெட்டியைப் பார்த்து வாங்க வேண்டும். மெமரி, எஸ்எம்பிஎஸ், கேபினெட், வட்டுகள் எல்லாம் பழையவை, அதனால் செலவு போர்டு, பிராசஸர் இரண்டோடு நின்றது.

பழைய கூலரையும் காப்பாற்றலாம் என்றிருந்தேன். முடியவில்லை. பழைய சாக்கெட்டில் கூலர் ஓட்டைகளுக்கு இடையே 75 மில்லிமீட்டர், புதிய சாக்கெட்டான எல்ஜிஏ1700இல் 78. மூன்று மில்லிமீட்டர்தானே என்று அழுத்தி மாட்டினால் போர்டு வளையும். பிராசஸரோடு வந்த கூலரையே போட்டேன். அதன் அடியில் பேஸ்ட் ஏற்கெனவே தடவியிருக்கும், மேலே இன்னொரு முறை தடவ வேண்டாம். நான்கு பிளாஸ்டிக் பின்களையும் குறுக்குக் குறுக்காக அழுத்தி, கேபினெட்டில் போடுவதற்கு முன்னாலேயே போர்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டையிலும் வெள்ளைப் பிளவுகள் முழுதாக வெளியே வந்து, நடுவில் கறுப்பு முள் தெரிய வேண்டும். எனக்கு ஒரு மூலையில் பிளவு பாதிதான் வந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் மாட்டியதுபோலவே தெரிந்தது.

போர்டின் அளவில் பழையது ஏடிஎக்ஸ், புதியது அதைவிடச் சிறிய மைக்ரோ ஏடிஎக்ஸ், 244க்கு 244 மில்லிமீட்டர். கேபினெட்டில் போர்டைத் தாங்கும் பித்தளை ஸ்டாண்டாஃப்களின் கீழ் வரிசையை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. போர்டை வைப்பதற்கு முன் ஓட்டைகளையும் ஸ்டாண்டாஃப்களையும் ஒன்றுக்கு ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டை இல்லாத இடத்தில் போர்டுக்கு அடியில் ஒரு ஸ்டாண்டாஃப் நின்றால் அது போர்டின் சால்டர் முனைகளைத் தொட்டு ஷார்ட் ஆகும், புதிய போர்டையும் பறிகொடுக்க நேரிடும். முன்பக்க பட்டன் வயர்களில் பவர் பட்டனை எந்தப் பக்கம் மாட்டினாலும் வேலை செய்யும், எல்ஈடி விளக்குகளுக்கு மட்டும் பிளஸ் மைனஸ் உண்டு. முன்பக்க யுஎஸ்பி 3க்கான நீல 19 பின் கனெக்டரைச் சாய்த்து இழுக்காதீர்கள், உள்ளே ஊசி வளைந்தால் நிமிர்த்துவது கண்ணைக் கெடுக்கும் வேலை.

வட்டை மாட்டாமல் முதல் முறை பவர் கொடுத்தேன். போர்டின் அமைப்புத் திரையான பயாஸ் திறந்தது, மெமரி 16 ஜிபி காட்டியது. அங்கே மூன்று விஷயம் பார்த்தேன். வட்டை இணைக்கும் சாட்டா, ஏஹெச்சிஐ என்ற வழக்கமான பாங்கில் இருக்கிறதா, விஎம்டி என்ற அமைப்பு அணைந்திருக்கிறதா, இன்டெல் பிடிடி, அதாவது போர்டிலேயே உள்ள டிபிஎம், இயங்குகிறதா. விஎம்டி இயங்கினால் அதற்கான டிரைவர் இல்லாத விண்டோஸுக்கு வட்டே கண்ணில் படாது. கையொப்பமுள்ள பூட் நிரலை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட்டை அப்போதைக்கு அணைத்துவைத்தேன்.

பிறகு எஸ்எஸ்டியை மாட்டினேன். பயாஸில் வட்டின் பெயர் தெரிகிறது, பூட் பட்டியலில் இல்லை. எதிர்பார்த்ததுதான். பழைய விண்டோஸ் லெகசி என்ற பழைய பூட் முறையில், எம்பிஆர் என்ற பழைய வகைப் பகிர்வு அட்டவணை உள்ள வட்டில் நிறுவியது. பழைய போர்டு லெகசி, புதிய முறையான யுஇஎஃப்ஐ இரண்டையும் ஏற்றது. புதிய போர்டில், உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸை வைத்து லெகசி பூட் செய்ய முடியாது. இன்டெல் 500 வரிசை சிப்செட்டுகளிலிருந்தே நிலைமை இதுதான். யுஇஎஃப்ஐ வழியில் மட்டும்தான் பூட் ஆகும், அதற்கு வட்டின் அட்டவணை ஜிபிடி என்ற புதிய வகையாக இருக்க வேண்டும்.

இங்கேதான் பலர் வட்டை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவிவிடுகிறார்கள். அவசியமில்லை. விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து எம்பிஆரை ஜிபிடியாக மாற்றும் கருவி கூடவே வருகிறது. பெயரே எம்பிஆர்2ஜிபிடி. தரவைத் தொடாமல் பகிர்வு அட்டவணையை மாற்றி, யுஇஎஃப்ஐக்கான பூட் கோப்புகளையும் எழுதிவிடும். விண்டோஸ் நிறுவல் பென்டிரைவில் பூட் செய்து, முதல் திரையில் ஷிஃப்ட்டும் எஃப்10ம் சேர்த்து அழுத்தினால் கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரை வரும். அங்கேயே இதை ஓட்டலாம், உள்ளே இருக்கும் விண்டோஸ் ஓட வேண்டியதில்லை. போர்டு செத்தவர்களுக்கு இதுதான் கதவு.

ஒரு எச்சரிக்கை. அந்தக் கறுப்புத் திரையில் டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கும். சி என்று நீங்கள் நினைப்பது டி ஆக இருக்கலாம். எதையும் அழிப்பதற்கு முன் கோப்புகளைப் பட்டியலிடும் டிஐஆர் கட்டளையைக் கொடுத்து உள்ளே விண்டோஸ் ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்துத்தான் முன்னால் சொன்ன உறங்குநிலைக் கோப்பை, ஹைபர்ஃபில் என்று பெயர், அழித்தேன். மறைந்த கோப்பு அது, டெல் கட்டளைக்கு ஸ்லாஷ் ஏ சேர்த்தால்தான் அகப்படும்.

எம்பிஆர்2ஜிபிடிக்கு வேலிடேட் என்ற ஒத்திகை உண்டு. எதையும் மாற்றாமல் முடியுமா முடியாதா என்று மட்டும் சொல்லும். என் வட்டில் முடியாது என்றது. காரணம் பகிர்வுகளின் எண்ணிக்கை. பிரைமரி பகிர்வு மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. என்னிடம் நான்கு: 100 எம்பி சிஸ்டம் ரிசர்வ்டு, சி, டி, அப்புறம் வட்டின் கடைசியில் 450 எம்பி மீட்புப் பகிர்வு. விண்டோஸ் அப்டேட்டே உருவாக்கி வைத்த பகிர்வு அது, பகிர்வுகளைக் கையாளும் டிஸ்க்பார்ட் கட்டளையில் பார்க்கும்வரை அது இருப்பதே தெரியாது. நகல் இருக்கும் தைரியத்தில் டிஸ்க்பார்ட்டில் அதைத் தேர்ந்து, ஓவர்ரைடு சேர்த்து அழித்தேன். மறுபடி வேலிடேட். இந்த முறை தேறியது. கன்வெர்ட் கொடுத்ததும் சில நொடிகளில் முடிந்து, இனி ஃபர்ம்வேரை யுஇஎஃப்ஐக்கு மாற்றிக்கொள் என்ற செய்தியோடு நின்றது. டிஸ்க்பார்ட்டில் லிஸ்ட் டிஸ்க் கொடுத்துப் பார்த்தால் அந்த வட்டுக்கு நேரே, ஜிபிடி பத்தியில் ஒரு நட்சத்திரக் குறி. பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜர் என்ற பெயரும் வந்துவிட்டது.

பூட் ஆனது. விண்டோஸ் சின்னம் வந்தது, புள்ளிகள் சுற்றின, நீலத் திரை. இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ், எண்ணில் சொன்னால் 7பி. பூட் மேனேஜர் விண்டோஸைக் கண்டுபிடித்துவிட்டது, ஆனால் விண்டோஸ் எழுந்து பார்த்தால் தன் சொந்த வட்டையே அதற்குப் படிக்கத் தெரியவில்லை. மூன்று முறை இப்படி விழுந்ததும் நிறுவல் பென்டிரைவிலிருந்து பழுதுபார்ப்பை ஓட்டினேன், அது ஏதோ தேடிவிட்டு, சரிசெய்ய முடியவில்லை என்றது. அதன் வேலை பூட் கோப்புகளோடு முடிகிறது, அவை இங்கே நன்றாகத்தான் இருந்தன. அந்தச் சுற்றில் நேரத்தைக் கொடுக்க வேண்டாம்.

பழைய போர்டில் ஒரு காலத்தில் சின்ன எஸ்எஸ்டி ஒன்றை ஹார்டு டிஸ்க்குக்கு வேகம் கூட்டும் கேஷாக வைத்திருந்தேன். அதற்காக சாட்டாவை, பல வட்டுகளைச் சேர்த்துக் கையாளும் ரெய்டு பாங்கில் போட்டேன். கேஷ் போய் வருடங்கள் ஆகியும் பாங்கு அப்படியே இருந்தது. விண்டோஸும் இன்டெல்லின் ரெய்டு டிரைவரை வைத்தே பூட் ஆகிப் பழகிவிட்டது. புதிய போர்டு ஏஹெச்சிஐ. அதற்கான டிரைவர், ஸ்டோர்ஏஹெச்சிஐ, வட்டில் இருக்கத்தான் செய்கிறது. பூட் நேரத்தில் எழுப்பாதே என்று குறித்துவைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் குறிப்பை நேரில் பார்க்கலாம். பென்டிரைவின் கறுப்புத் திரையில் ரெஜ்எடிட் திறந்தால் தெரிவது பென்டிரைவின் சொந்த ரிஜிஸ்ட்ரி, அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ஏடு. உள்ளே தூங்கும் விண்டோஸுடையது வேண்டும். ஹெச்கே லோக்கல் மெஷின் மேல் கர்சரை வைத்து, ஃபைல் மெனுவில் லோடு ஹைவ் கொடுத்து, வட்டில் விண்டோஸ், சிஸ்டம்32, கான்ஃபிக் ஃபோல்டருக்குள் இருக்கும் சிஸ்டம் என்ற கோப்பைத் திறந்து, ஒரு தற்காலிகப் பெயர் கொடுக்க வேண்டும். இப்படித் திறந்ததில் கரன்ட் கன்ட்ரோல் செட் என்று ஒன்று இருக்காது, கன்ட்ரோல்செட்001 இருக்கும். அதற்குள் சர்வீசஸ், அதற்குள் ஸ்டோர்ஏஹெச்சிஐ, அதற்குள் ஸ்டார்ட்ஓவர்ரைடு. அங்கே 0 என்ற பெயரில் ஒரே ஒரு மதிப்பு, அது 3 என்றிருந்தது. மூன்று என்றால் யாராவது கூப்பிட்டால் மட்டும் வா. பூஜ்யம் என்றால் பூட் ஆகும்போதே எழுந்து நில். மூன்றை பூஜ்யமாக்கினேன். ஒரு இலக்கம். மறுபடி தற்காலிகப் பெயரின் மேல் கர்சரை வைத்து அன்லோடு ஹைவ் கொடுத்துவிட்டு ரீஸ்டார்ட்.

நீலத் திரை வரவில்லை. சாதனங்களைத் தயார்செய்கிறேன் என்று சதவீதம் காட்டிக்கொண்டே போனது, நடுவில் தானே ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகி, லாகின் திரைக்கு வந்தது.

ரிஜிஸ்ட்ரியில் கைவைக்கத் தயங்குகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. அதே கறுப்புத் திரையில் பூட் பதிவுகளைத் திருத்தும் பிசிடிஎடிட் கொண்டு டிஃபால்ட் பதிவில் சேஃப்பூட் மினிமல் என்று எழுதினால் விண்டோஸ், அடிப்படை டிரைவர்களோடு மட்டும் ஓடும் சேஃப் மோடில் திறக்கும். ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கு மாறுகிறவர்கள் வழக்கமாகச் செய்வது இதுதான். ஒருமுறை சேஃப் மோடில் எழுந்தால் டிரைவர் குறிப்பைத் தானே திருத்திக்கொள்ளும். உள்ளே போனதும் அந்த சேஃப்பூட் பதிவை மறக்காமல் நீக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் சேஃப் மோடுதான். எந்த வழியில் போனாலும் கடவுச்சொல் தெரிந்திருக்க வேண்டும். நான்கு இலக்கப் பின் எண்ணை நம்பியே காலம் தள்ளுகிறவர்கள் கவனிக்க: டிபிஎம்மில் கட்டிவைத்த பின் எண் புதிய போர்டில் செல்லாது. என்னுடையதும் செல்லவில்லை.

டெஸ்க்டாப் வந்தது, பெரிய பெரிய எழுத்துகளோடு. கிராஃபிக்ஸ் டிரைவர் இல்லை. நெட்வொர்க் போர்ட்டும் செத்துக் கிடந்தது. போர்டில் இருந்தது 2.5 கிகாபிட் ரியல்டெக் சிப், விண்டோஸ் 10இல் அதற்கு உள்ளிருப்பு டிரைவர் இல்லை. பென்டிரைவில் முன்கூட்டியே இறக்கிவைத்திருந்தால் நல்லது. இல்லையென்றால் ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் போடுங்கள், தனி டிரைவர் கேட்காமல் இணையம் வந்துவிடும். சிப்செட், நெட்வொர்க், கிராஃபிக்ஸ், ஆடியோ என்ற வரிசையில் போட்டேன். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறிகள் பெரும்பாலும் சிப்செட் டிரைவரோடேயே மறைந்தன.

பழைய போர்டின் ஆவிகள் உள்ளேயே இருக்கும். டிவைஸ் மேனேஜரின் வியூ மெனுவில் மறைந்த சாதனங்களைக் காட்டு என்றால் மங்கலான சின்னங்களாக வரிசையாக வரும். பெரும்பாலானவற்றால் தொந்தரவு இல்லை, நானும் விட்டுவிட்டேன். பழைய நெட்வொர்க் கார்டை மட்டும் விடக் கூடாது. நான் நிலையான ஐபி முகவரி வைத்திருந்தேன். அதையே புதிய கார்டுக்குக் கொடுத்தால், இந்த முகவரி வேறொரு அடாப்டருக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருக்கிறது என்கிறது. அந்த அடாப்டர் இப்போது குப்பைக் கூடையில் கிடக்கிறது! மங்கலான சின்னத்தை அன்இன்ஸ்டால் செய்த பிறகுதான் வழிவிட்டது. நெட்வொர்க் கார்டின் அடையாளமான மேக் முகவரி மாறியதால் ரவுட்டரிலும் ஒரு பதிவைத் திருத்த வேண்டியிருந்தது. இன்டெல்லின் பழைய ரெய்டு மென்பொருளையும், பழைய போர்டு நிறுவனம் கொடுத்த மின்விசிறிக் கட்டுப்பாட்டு நிரலையும் நீக்கினேன். இப்போது இல்லாத சென்சார்களைத் தேடிக்கொண்டு அது பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது.

உரிமம். எதிர்பார்த்தபடியே ஆக்டிவேஷன் போய்விட்டது, விண்டோஸ் பார்வையில் போர்டு மாறினால் கணினியே மாறிய கணக்கு. என்னுடையது தனியாக வாங்கிய ரீட்டெய்ல் உரிமம், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு எப்போதோ இணைத்துவைத்தது. ஆக்டிவேஷன் பக்கத்தில் டிரபிள்ஷூட், அதில் சமீபத்தில் வன்பொருளை மாற்றினேன் என்ற வரி, பட்டியலில் பழைய பெயரைத் தேர்ந்து, நான் இப்போது பயன்படுத்துவது இதுதான் என்றதும் முடிந்தது. கணினியோடு சேர்ந்து வந்த ஓஇஎம் உரிமம் அந்த போர்டோடு கட்டியது, இப்படி வராது. அவர்கள் புதிய உரிமத்துக்கான செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.

கடைசியாக செக்யூர் பூட்டை இயக்கி, விண்டோஸ் 11க்கு, உள்ளதை அழிக்காமல் மேலேயே ஏற்றும் இன்-பிளேஸ் அப்கிரேடு செய்தேன். வட்டு ஜிபிடி, டிபிஎம் 2.0, பன்னிரண்டாம் தலைமுறை பிராசஸர் என்று எல்லாம் இருந்ததால் கேள்வி கேட்காமல் ஏறியது. நான் அழித்த மீட்புப் பகிர்வுக்கு பதிலாகப் புதிதாக ஒன்றையும் அதுவே உருவாக்கிக்கொண்டது. அப்கிரேடு செய்யாதவர்கள் ரீஏஜென்ட்சி கட்டளையில் மீட்புச் சூழல் டிசேபிள்டு என்று காட்டுகிறதா என்று பார்த்து, அந்தச் சூழலுக்கான வின்ஆர்இ கோப்பை நிறுவல் பென்டிரைவிலிருந்து எடுத்து வைக்க வேண்டியிருக்கும். அடுத்த முறை செய்வதாக இருந்தால் அந்தப் பகிர்வை அழிப்பதற்கு முன் அந்தக் கோப்பை வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்வேன். முழு இமேஜிலிருந்து தோண்டி எடுப்பதைவிட அது சுலபம்.

வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மற்றொரு பழைய கணினியைத் திறந்து பார்த்தேன். அதுவும் எம்பிஆர், அதுவும் ரெய்டு பாங்கு. போர்டு உயிரோடு இருக்கும்போதே இரண்டையும் மாற்றிவிட்டேன், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்தாயிற்று.